ஹெர்பி காரை மரத்தில் செய்வது: சக்கரத்தில் இருந்து ஆரம்பிக்கும் முழு வழிகாட்டி

கோடை விடுமுறையில் கல்லிடைக்குறிச்சி வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குச் சினிமா வண்டி செய்யச் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே சொல்வது ஹெர்பி, டிஸ்னி படங்களில் உயிருள்ள மாதிரி தானே ஓடுகிற வெள்ளைக் கார். வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே பானெட்டைச் செதுக்க உட்கார்ந்துவிடுவார்கள். நாலாம் நாள் சக்கரம் வாங்கிவந்து மாட்டினால், ஒன்று வண்டி தவளை மாதிரி தரையோடு ஒட்டிக் கிடக்கும், இல்லை மாட்டுவண்டி மாதிரி தூக்கி நிற்கும். அதற்கப்புறம் எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும் அது ஹெர்பி ஆகாது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் இந்தச் சிக்கல் வராது.

1. எந்த வண்டி, என்ன அளவு

எல்லாரும் பேட்மேனின் கார் பேட்மொபைலைத்தான் கேட்பார்கள். இல்லையென்றால் 'பேக் டு த ஃப்யூச்சர்' படத்தில் காலப்பயணம் போகிற டிலோரியன். இரண்டும் முதல் வேலைக்கு ஆகாது. டிலோரியனில் எல்லாம் நேர்கோடு, தட்டைப் பரப்பு. அங்கே ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் தூரத்தில் இருந்தே தெரியும். போதாததற்கு, அசல் வண்டியின் வெளித்தகடு பெயின்ட் இல்லாத துருப்பிடிக்காத எஃகு. அந்தப் பளபளப்பை மரத்தில் கொண்டுவருவது தனி வித்தை.

ஹெர்பி ஒரு 1963 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில். உருண்டையான வண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்கச் சரியாகிக்கொண்டே வரும். அளவும் நமக்குத் தோதானது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2400 மி.மீ., அகலம் 1540, உயரம் 1500. 1:10 என்று வைத்துக்கொண்டால் 240, 154, 150. கால்குலேட்டரே வேண்டாம், ஒரு பூஜ்யத்தைத் தட்டிவிட்டால் போதும். நீளம் பம்பரோடு சேர்த்து 41 செ.மீ. பக்கம் வரும், புத்தக அலமாரியில் நிற்கும்.

1:18, 1:24 எல்லாம் கடையில் விற்கும் உலோக மாடல்களின் அளவுகள். மரத்தில் அவ்வளவு சின்னதாகப் போனால் ஜன்னல் சட்டங்கள் தீக்குச்சி கனத்துக்கு வந்து, கை பட்டாலே ஒடியும்.

2. முதலில் கையில் இருக்க வேண்டியவை

மரம்: குமிழ். லேசானது, சீக்கிரம் கோணாது, உளிக்கு வெண்ணெய் மாதிரி விட்டுக்கொடுக்கும். தேக்குத் துண்டு வீட்டில் கிடக்கிறதே என்று எடுத்து வராதீர்கள், செதுக்க ஆரம்பித்த அரைமணியில் மணிக்கட்டு கேள்வி கேட்கும். மரக்கடையில் 'நல்லா காஞ்சதா' என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். பலகையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

கருவி: ஃப்ரெட் ரம்பம், கட்டை அரம், அரை இன்ச் உளி, ஆறு சி-கிளாம்ப், 80, 120, 220, 400 நம்பர் உப்புத்தாள். இதோடு கனமும் விட்டமும் துல்லியமாக அளக்க ஒரு வெர்னியர். பிளாஸ்டிக் வெர்னியரே போதும், ஆனால் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் எடுத்து வையுங்கள். வளைவு சரிபார்க்க வெட்டும் அட்டை வார்ப்புக்கு அந்த கனமும் விறைப்பும் கச்சிதம்.

3. படங்களைச் சேர்ப்பது, எந்தப் படத்து வண்டி என்று முடிவு செய்வது

ஹெர்பி ஒரே ஒரு படத்தில் வந்த வண்டி இல்லை. 1968-ல் வந்த முதல் படமான 'தி லவ் பக்'கிலும் 2005-ல் வந்த படத்திலும் சின்னச் சின்ன விவரங்கள் வேறு. இணையத்தில் கண்ணில் பட்ட படத்தையெல்லாம் இறக்கி, இதில் சக்கரமும் அதில் பம்பருமாக எடுத்தால் கடைசியில் எந்தப் படத்திலும் இல்லாத வண்டி கிடைக்கும். ஒரு படத்தை முடிவு செய்யுங்கள், மற்றவற்றை அழித்துவிடுங்கள். நான் 1968-ஐ எடுத்துக்கொள்கிறேன்.

பொம்மையைப் பார்த்து அளவெடுக்கவே கூடாது. உள்ளங்கையில் அடங்கும் பொம்மைக் கார்களில் ஓடுவதற்கு வசதியாகச் சக்கரத்தைப் பெரிதாக வைத்திருப்பார்கள். நிறத்தையும் நம்ப முடியாது. ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 படத்தில் வெள்ளி நிறம். 1965-ல் கார்கி நிறுவனம் விட்ட பொம்மை தங்க நிறம். வெள்ளி அடித்தால் பெயின்ட் அடிக்காத உலோகம் மாதிரி தெரியும் என்று மாற்றினார்கள். அந்தப் பொம்மையைப் பார்த்துச் செய்தவர் தங்க கார்தான் செய்திருப்பார்.

பக்கம், முன், பின், மேல் என நாலு கோட்டுப்படம் வேண்டும். 1963 பீட்டிலின் வரைபடம் தேடினால் கிடைக்கும்.

4. பிரின்ட் எடுப்பது: பெரும்பாலோர் வழுக்கும் இடம்

வரைபடத்தை 1:10-க்குச் சரிசெய்து, அதன் ஓரத்தில் சரியாக 10 செ.மீ.க்கு ஒரு கோடு வரைந்து, அப்புறம்தான் ஜெராக்ஸ் கடைக்குக் கொடுக்க வேண்டும். பிரின்டர் தாளுக்குள் அடக்குவதற்காகப் படத்தைத் தானே சுருக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது.

என் முதல் வண்டியில் இதுதான் நடந்தது. அச்சு இடைவெளி 240-க்குப் பதில் 233 இருந்தது. ஏழு மில்லிமீட்டர்தானே என்று விட்டேன். சக்கரத்தை மட்டும் சரியான அளவில் கடைந்து வாங்கியிருந்தேன். நாலு மட்கார்டுக்குள்ளும் நாலு சக்கரமும் பின்னுக்குத் தள்ளியும் முன்னுக்குத் தள்ளியும் உரசின. கடைசியில் அது என் தங்கை மகனுக்கு இழுத்து விளையாடப் போய்ச் சேர்ந்தது.

கடையைவிட்டு இறங்குவதற்கு முன் அந்தக் கோட்டின் மேல் ஸ்கேலை வையுங்கள். 10 செ.மீ. இல்லையென்றால், 'ஃபிட் டு பேஜ் வேண்டாம், 100 சதவீதத்தில் போடுங்க' என்று சொல்லி மறுபடி எடுங்கள். நீளம் ஏ4-ல் அடங்காது, ஏ3 கேளுங்கள்.

5. சக்கரம்

சக்கரத்தின் அளவை வண்டியின் டயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பீட்டிலுக்கு 5.60-15. முதல் எண் டயரின் அகலம் இன்ச்சில், இரண்டாவது ரிம்மின் விட்டம் இன்ச்சில். 5.6 இன்ச் என்பது 142 மி.மீ., பத்தில் ஒன்று 14. ரிம் 381, அது 38. டயரோடு முழு விட்டம் 64 பக்கம் வரும்.

இதை அம்பாசமுத்திரத்தில் கடைசல் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்குவதுதான் சரி. சொப்புச் சாமானும் நடைவண்டிச் சக்கரமும் கடைகிற கைகள் அவை. ஆனால் மில்லிமீட்டரில் சொன்னால் வேலை ஓடாது, அங்கே பேச்சு இன்ச்சிலும் நூலிலும்தான். எட்டு நூல் ஒரு இன்ச். நம் கணக்கு அதிர்ஷ்டவசமாக அதில் பொருந்திவிடுகிறது: விட்டம் இரண்டரை இன்ச், ரிம் ஒன்றரை இன்ச், கனம் நாலரை நூல்.

"அண்ணாச்சி, ரெண்டரை இன்ச் வட்டம், நாலரை நூல் கனம், ஆறு வேணும்."

"நடைவண்டிக்கா தம்பி?"

"இல்ல அண்ணாச்சி, காருக்கு."

"காருக்குன்னா ஓட்டை நட்டநடுவுல விழணும்லா. கம்பியக் கொண்டா, அதப் பாத்துத்தான் போடணும்."

அவர் சொன்னதுதான் விஷயம். துளை அரை நூல் விலகினாலும் உருட்டும்போது வண்டி நொண்டும். அச்சுக்கு 4 மி.மீ. இரும்புக் கம்பியை முதலிலேயே வாங்கி, கையோடு கொண்டுபோங்கள். துளையையும் கடைசலிலேயே போட்டுத் தரச் சொல்லுங்கள், வீட்டில் டிரில் பிடித்துப் போட வேண்டாம். ஆறு கேட்பதற்குக் காரணம், நாலு ஓடுவதற்கு, ஒன்று ஸ்டெப்னி, ஒன்று தப்பிப்போனால் இருக்கட்டும் என்று.

வண்ணமும் அங்கேயே ஏறிவிடும். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பிடிக்கும். மேலே தாழை மடலால் ஒரு ஓட்டு ஓட்டினால் பளபளப்பு வந்துவிடும். ஓரம் கறுப்பு, நடு வெள்ளை என்று படம் காட்டிச் சொல்லுங்கள். டயரின் உருளும் பரப்பை மட்டும் வீட்டுக்கு வந்து 400 நம்பரால் லேசாகத் தேய்த்து மங்கலாக்க வேண்டும். ரப்பர் அவ்வளவு மின்னாது.

6. கட்டையை ஒட்டுவது

ஒரே கட்டையில் குடையலாமே என்று கேட்பார்கள். ஹெர்பிக்கு உள்ளே சீட்டும் ஸ்டியரிங்கும் தெரிய வேண்டும். 13 செ.மீ. அகலக் கட்டையை உளியால் குடைந்து உள்ளே போனவர்கள் யாரும் முடித்து நான் பார்த்ததில்லை. பலகைகளாக வெட்டி, உள்பக்கத்தை முதலிலேயே எடுத்துவிட்டு, அப்புறம் ஒட்டுவதுதான் வழி.

முன்பக்கப் படத்தில் மட்கார்டை விட்டுவிட்டு, கதவுப் பகுதியின் அகலத்தை அளந்து ஆறால் வகுங்கள். எனக்கு 22 மி.மீ. வந்தது. மில்லில் ஏழு நூல் என்று சொன்னால் அறுத்துத் தருவார்கள். நீளம் 42 செ.மீ., உயரம் 15 செ.மீ., ஆறு பலகை. ஆறு என்பது கணக்குக்காக மட்டும் சொன்னதில்லை. இரட்டைப்படையில் பலகை இருந்தால் சரியாக நடுவில் ஒரு ஒட்டுக்கோடு விழும். எவ்வளவு செதுக்கினாலும் அந்தக் கோடு அழியாது. கடைசிவரை இடம் வலம் சமமா என்று பார்க்க அதுதான் அளவுகோல். பென்சிலால் போட்ட நடுக்கோடு முதல் பத்து நிமிஷத்தில் தூசியாகப் போய்விடும்.

ஆறு பலகையிலும் பக்கப்படத்தை ஒட்டுங்கள். நடுவில் வரும் நாலு பலகையில், ஆட்கள் உட்காரும் பகுதியைக் கீழே இருந்து, கவிழ்த்த ப வடிவத்தில் வெட்டி எடுங்கள். கூரைக்கு 12 மி.மீ. விடுங்கள். முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் வரும் இடத்தில் மரத்தை இப்போது எடுக்கக் கூடாது. எடுத்தால் கூரைத் துண்டு தனியாக வந்துவிடும், ஒட்டும்போது வழுக்கும். ஒரு பாலம் மாதிரி இருக்கட்டும், செதுக்கி முடித்தபின் எடுத்துக்கொள்ளலாம். வெளிப் பலகை இரண்டிலும் பக்க ஜன்னலையும் சக்கரம் சுழலும் வளைவையும் வெட்டுங்கள். கடைந்து வந்த சக்கரத்தையே பலகையில் வைத்து, சுற்றி 3 மி.மீ. விட்டுக் கோடு போட வேண்டும். சக்கரம் முதலில் வேண்டும் என்று அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

ஒட்டுவதற்கு முன் இரண்டு மூலையில் மெல்லிய ஆணியடித்து, தலையை வெட்டிவிடுங்கள். ஃபெவிகால் தடவி இறுக்கும்போது பலகைகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கும், ஆணி பிடித்துக்கொள்ளும். செதுக்கும் பகுதியில் ஆணி வரக் கூடாது, உளி முனை போய்விடும். கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட வேண்டும். 'மேலே காஞ்சிடுச்சே' என்று மூன்று மணி நேரத்தில் அவிழ்த்தவர்களின் வண்டி செதுக்கும்போது பாளம் பாளமாகப் பிரிந்தது.

7. செதுக்கும் வரிசை

முதலில் பக்கவாட்டு உருவம், அப்புறம் மேலிருந்து பார்க்கும் உருவம், கடைசியில்தான் மூலைகளை உருட்டுவது. முதலிலேயே உருட்ட ஆரம்பித்தால் வரைந்த கோடுகள் போய்விடும், அதற்கப்புறம் கண் மதிப்புதான். கண் எப்போதும் வலது பக்கத்தை இடதைவிட ஒல்லியாக்கும். வலது கைக்காரர்கள் எல்லாருக்கும் இதே கதை.

அதனால் அரைப்பக்கத்துக்கு மட்டும் அட்டை வார்ப்பு வெட்டுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே ஒன்று, கதவு நடுவில் ஒன்று, பின் கண்ணாடிக்குக் கீழே ஒன்று. இடது பக்கம் வைத்துப் பார்த்த அதே அட்டையைத் திருப்பி வலது பக்கம் வையுங்கள். வெளிச்சம் ஒழுகும் இடத்தை விட்டுவிட்டு, முட்டுகிற இடத்தில் தேயுங்கள்.

இந்த வண்டிக்கு எஞ்சின் பின்னால். முன்னால் ரேடியேட்டர் கிரில் கிடையாது. கை பழக்கத்தில் கிரில்லைச் செதுக்கிவிட்டு அசடு வழிந்தவர்கள் உண்டு. காற்று போகிற சின்னப் பிளவுகள் பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும்.

8. மட்கார்டு

அசல் பீட்டிலில் நாலு மட்கார்டும் தனித்தனியாகப் போல்ட் போட்டு மாட்டியவை. நாமும் அப்படியே செய்யலாம். உடம்போடு சேர்த்துச் செதுக்கினால் மட்கார்டும் உடம்பும் சேரும் அந்தக் கூரிய பள்ளம் வரவே வராது, பீட்டிலின் முகமே அந்தப் பள்ளம்தான்.

இரண்டு கட்டைகளை நடுவில் ஒரு தாள் வைத்து ஒட்டி, இரண்டையும் கண்ணாடிப் பிம்பமாக ஒரே நேரத்தில் செதுக்குங்கள். முடிந்ததும் உளியை ஒட்டில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் தாள் கிழிந்து இரண்டாகப் பிரியும். ஒவ்வொன்றின் உள்பக்கமும் இ, வ என்று எழுதுங்கள். போன வருஷம் ஒரு பையன் தனித்தனியாகச் செதுக்கிக்கொண்டு வந்தான். வேலை அவ்வளவு நேர்த்தி. நாலும் இடது பக்கம்.

ஒட்டுவதற்கு முன் சக்கரத்தை மாட்டிப் பாருங்கள். அச்சுக் கம்பி ஓட வண்டியின் அடியில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, பித்தளைக் குழாய் பதியுங்கள். அச்சு தரையில் இருந்து 32 மி.மீ. உயரத்தில் வர வேண்டும், அதாவது சக்கரத்தில் பாதி. டைல்ஸ் தரையில் வைத்து நாலு சக்கரமும் படுகிறதா என்று பார்த்த பிறகுதான் மட்கார்டுக்குப் பசை. இரண்டு மட்கார்டுக்கும் நடுவில் ஓடும் படிப்பலகை கடைசியில்.

9. பெயின்ட்

சீலர், பட்டி, 220-ல் தேய்ப்பு, பிரைமர், 400-ல் தேய்ப்பு, அப்புறம் நிறம். பிரைமர் காய்ந்ததும் வண்டியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அரம் போட்ட கீறல் எல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். மறுபடி பட்டி. நான் மூன்று முறை திரும்புவேன்.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஹெர்பியின் வெள்ளைக்கு ஃபோக்ஸ்வாகன் வைத்த பெயர் 'பேர்ல் ஒயிட்', குறியீடு எல்87. இந்தப் பெயரை நம்மூர் கார் பெயின்ட் கடையில் சொன்னால் முத்து மாதிரி மினுங்குகிற வெள்ளையைக் கலந்து தருவார்கள். அசலில் மினுக்கம் துளியும் இல்லை, பாலில் ஒரு சொட்டு டீ விழுந்த மாதிரி லேசாக மங்கிய சாதா வெள்ளை. 'ஆஃப் ஒயிட், மினுக்கம் வேண்டாம்' என்று கேளுங்கள்.

எந்த மாதத்தில் அடிக்கிறோம் என்பதும் முக்கியம். ஆடிக்காற்றில் தெருப்புழுதி முழுக்க வண்டி மேல் உட்காரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தால் காற்றின் ஈரம் பட்டுப் பரப்பு புகை படிந்தது மாதிரி வெளுத்துப் பூத்துவிடும். பங்குனி, சித்திரையில் காலை வெயில் ஏறியதும், காற்று கிளம்பும் முன் அடிப்பது நல்லது.

பட்டைகள் சிவப்பு, வெள்ளை, நீலம். முன்னால் இருந்து கூரை வழியாகப் பின்னால் வரை ஓடும். நடுவில்தான் போகும் என்று நாமாக நினைத்துக்கொண்டு டேப் ஒட்டக் கூடாது. படத்தில் பானெட் கைப்பிடியை அடையாளமாக வைத்து இடம் குறியுங்கள். டேப் ஒட்டியதும் அதன் ஓரத்தில் முதலில் அதே வெள்ளையை ஒரு பூச்சு விடுங்கள். கசிகிறது வெள்ளையாகவே கசிந்து ஓரத்தை அடைத்துவிடும், மேலே சிவப்பு அடித்தால் கோடு கத்தியால் வெட்டியது மாதிரி வரும்.

53 என்ற எண் பானெட், இரண்டு கதவு, எஞ்சின் மூடி என நாலு இடத்தில், வட்டத்துக்குள். வண்டி நம்பர் எழுதும் ஸ்டிக்கர் கடையில் வெட்டித் தருவார்கள். ஆனால் கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்துருவில் அடிக்க விடாதீர்கள். படத்தில் இருந்து 5-ஐயும் 3-ஐயும் வரைந்து கொண்டுபோய் அதையே வெட்டச் சொல்லுங்கள். நம்பர் பிளேட் கறுப்பில் மஞ்சள், ஓஎஃப்பி 857 என்று ஆங்கில எழுத்தில். கலிஃபோர்னியா பிளேட் 12-க்கு 6 இன்ச், நமக்கு 30-க்கு 15 மி.மீ. ஒரு பெண் டிஎன் 72 என்று ஒட்டியிருந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது, மாற்றச் சொல்லவில்லை. நகல் என்று கணக்குப் பார்த்தால் தப்புதான்.

10. உள்பக்கமும் கண்ணாடியும்

வண்டியின் அடி திறந்திருப்பதால் இது சுலபம். 4 மி.மீ. பிளைவுட்டில் தரைப்பலகை வெட்டி, அதன் மேல் சீட்டையும் ஸ்டியரிங்கையும் பொருத்தி, கீழே இருந்து ஸ்குரு போட்டு மூடலாம். பசை வேண்டாம், பின்னால் திறக்க வேண்டி வரும்.

ஸ்டியரிங் இடது பக்கம். இதைப் படிக்கும்போது 'தெரியுமே' என்று தோன்றும். செய்யும்போது பத்தில் ஏழு பேர் வலது பக்கம் வைக்கிறார்கள். படப்பிடிப்பு விளக்கு பட்டு மின்னக் கூடாது என்று உள்ளே மங்கலான சாம்பல் அடித்திருந்தார்கள், நாமும் பளபளப்பு இல்லாத சாம்பலே அடிக்கலாம்.

1963 மாடலின் முன் கண்ணாடி தட்டை. ஓஎச்பி ஷீட்டை (கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் தாள்) வெட்டி உள்ளிருந்து ஒட்டினால் முடிந்தது. ஃபெவிக்விக் தொடவே கூடாது, அதன் ஆவி பட்டு ஷீட் வெள்ளை பூத்துவிடும். ஃபெவிகாலை ஊசிமுனையில் தொட்டு வையுங்கள்.

11. விற்கலாமா

வீட்டில் வைக்கவும் பரிசு கொடுக்கவும் தாராளமாகச் செய்யுங்கள். கடை போடுவது வேறு. 2015-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, பேட்மொபைல் என்ற வண்டியே பதிப்புரிமை உள்ள ஒரு பாத்திரம் என்று தீர்ப்புச் சொன்னது. அனுமதி இல்லாமல் முழு அளவு நகல்களைச் செய்து விற்றவர் தோற்றார். 53-ஐயும் மூன்று பட்டையையும் சேர்த்துப் போட்டு விற்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொம்மை என்று சொல்லி விற்றால் இன்னொன்றும் உண்டு. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப்பொருள் ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பதற்கு விலக்கு இருக்கிறது.

12. வைக்கும் இடம்

மேற்குப் பார்த்த ஜன்னலோரம் வேண்டாம், வெள்ளை ஒரு வருஷத்தில் மஞ்சளாகும். கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் விடவே விடாதீர்கள். அரக்கு சூட்டுக்கு இளகும். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பரிசாகக் கொண்டுபோன வண்டியைக் காருக்குள் விட்டுவிட்டு, சாப்பிட்டு முடித்து எடுக்க வந்தேன். நாலு சக்கரமும் சுற்றியிருந்த செய்தித்தாளோடு ஒட்டிப்போயிருந்தன. தாளை உரித்தபின் பார்த்தால் டயர் முழுக்கக் கண்ணாடிப் பிம்பத்தில் அன்றைய ராசிபலன். இப்போது பருத்தித் துணியில் சுற்றி மடியில் வைத்துத்தான் கொண்டுபோகிறேன்.